பிரிட்டிஷ் மின்சந்தையும் பஷீர்பாக் துப்பாக்கிச் சூடும்

(ஹைதராபாத்தில் மின்துறை ஊழியர்கள், விவசாயிகள் சங்கத் தோழர்கள் மத்தியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று இந்த நகரின் பஷீர்பாக் சந்திப்பில் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ராமகிருஷ்ணா, விஷ்ணுவர்தன் ரெட்டி, பாலசாமி ஆகிய மூவர் உயிர் நீத்தனர். மின்கட்டண உயர்வைத் திரும்பப் பெறு என்று முழங்கியபடி சட்டமன்றம் நோக்கி நடந்த பேரணி அது. ஒன்பது இடதுசாரிக் கட்சிகள் விடுத்த அறைகூவலை ஏற்று மாநிலம் முழுவதிலுமிருந்து மக்கள் திரண்டிருந்தனர். நீர்ப்பீரங்கி, குதிரைப்படை, தடியடி என்று ஒவ்வொன்றாக ஏவிப் பார்த்த அரசு இறுதியில் துப்பாக்கியை எடுத்தது.

அந்தக் கட்டண உயர்வை அறிவித்தது புதிதாக உருவாக்கப்பட்டிருந்த மின்சார ஒழுங்குமுறை ஆணையம். ஆணையத்தை உருவாக்கியது 1998ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேச மின்சாரச் சீர்திருத்தச் சட்டம். அந்தச் சட்டத்தின் மூலப்படி எங்கே எழுதப்பட்டது என்று தேடிப் போனால் லண்டனில்தான் போய் நிற்க வேண்டும். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1989இல் நிறைவேற்றிய மின்சாரச் சட்டமே அது. அந்தச் சட்டம் பிறந்த மண்ணில் அதன் கதி இன்று என்னவாயிற்று என்பதைத் தெரிந்துகொள்வது ஹைதராபாத்துக்கு அவசியமாகிறது. ஏனெனில் அதே சரக்கு புதிய உறையில் டெல்லியிலிருந்து மறுபடியும் வந்துகொண்டிருக்கிறது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரிட்டனில் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசு 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் மின்துறையை நாட்டுடைமையாக்கியது. நகராட்சிகளிடமும் தனியாரிடமும் சிதறிக் கிடந்த 500க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் 1948 ஏப்ரல் 1 அன்று பொதுவுடைமையாயின. ஒரே நாடு, ஒரே மின்கட்டமைப்பு என்ற ஏற்பாடு நாற்பதாண்டுகள் நீடித்தது. இந்தியாவின் 1948ஆம் ஆண்டு மின்சார வழங்கல் சட்டமும் அதே காலத்தின் குழந்தைதான். மாநில மின்வாரியங்கள் அதன் கீழ்தான் அமைந்தன. ஆந்திர மின்வாரியம் 1959இல் பிறந்தது. நிஜாம் அரசு 1920இல் ஹுசைன் சாகர் கரையில் அமைத்த அனல்மின் நிலையத்தின் வெளிச்சம் நகரத்தின் சில வீதிகளோடு நின்றுவிட்டது. பாலமூருக்கும் நல்கொண்டாவுக்கும் கம்பி போனது வாரியத்தின் காலத்தில்தான்.

தாட்சர் அரசு பிரிட்டிஷ் மின்துறையை விற்க முடிவு செய்ததற்குப் பின்னால் திறமை, போட்டி என்ற சொற்களுக்கு அப்பால் இன்னொரு கணக்கும் இருந்தது. 1984-85இல் ஓராண்டு காலம் போராடிய சுரங்கத் தொழிலாளர்களின் பலம் எங்கிருந்து வந்தது? நாட்டின் மின்சாரம் அவர்கள் வெட்டிய நிலக்கரியில் இருந்து வந்ததால் வந்தது. 1989 சட்டம் மத்திய மின்னுற்பத்தி வாரியத்தை உடைத்து உற்பத்தியை இரண்டு தனியார் நிறுவனங்களிடமும், விநியோகத்தைப் பன்னிரண்டு வட்டார நிறுவனங்களிடமும் கொடுத்தது. புதிய முதலாளிகள் இயற்கை எரிவாயு நிலையங்களை நோக்கி ஓடினர். 1992 அக்டோபரில் 31 நிலக்கரிச் சுரங்கங்களை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. ஏறத்தாழ 30,000 வேலைகள் ஒரே அறிவிப்பில் கேள்விக்குறியாயின.

அணுமின் நிலையங்களை மட்டும் அன்று வாங்குவார் இல்லை. உலைகளைக் கலைத்துக் கழிவைக் காக்கும் செலவு எவ்வளவு என்று கணக்குப் பார்த்த முதலாளிகள் பின்வாங்கியதும் அவை அரசின் தலையிலேயே நின்றன. இலாபம் வரும் பாகத்தைப் பிய்த்து எடுத்துக்கொள், சுமையை மக்களிடம் விடு என்ற இந்த விதி பிற்பாடு ஒரிசாவிலும் டெல்லியிலும் திரும்பத் திரும்பக் காணக் கிடைத்தது. 1996இல் புதிய உலைகளை மட்டும் பொறுக்கியெடுத்து ஒரு கம்பெனியாக்கி விற்றார்கள். 2002இல் அந்தக் கம்பெனி திவாலாகும் நிலைக்கு வந்தபோது அரசு கஜானாதான் தாங்கிப் பிடித்தது. 2009இல் அதை வாங்கியது பிரெஞ்சு அரசுக்குச் சொந்தமான மின்நிறுவனம்! பொதுத்துறை திறமையற்றது என்று விற்கப்பட்ட சொத்து இன்னொரு நாட்டின் பொதுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தது. பிரிட்டிஷ் குடும்பங்கள் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பங்கு பாரீசின் கஜானாவுக்குப் போகிறது என்றால் தாட்சரின் ஆவி அதற்கு என்ன விளக்கம் சொல்லுமோ?

சொத்து அடிமாட்டு விலைக்குப் போனது என்பதை இடதுசாரிகள் மட்டும் சொல்லவில்லை. சந்தையை வாழ்த்திக்கொண்டே ஆட்சிக்கு வந்த டோனி பிளேர் அரசே 1997இல் தனியார்மயமான பொதுச்சேவை நிறுவனங்களின் மீது ஒருமுறை மிகைலாப வரி விதித்து 500 கோடி பவுண்டுக்கு மேல் திரட்டியது. அவ்வளவு வரி விதிக்கும் அளவுக்கு இலாபம் குவிந்திருந்தது என்பதே விற்பனை விலையைப் பற்றிய தீர்ப்பு.

இந்த மாதிரியைத்தான் உலக வங்கி இந்தியாவுக்குக் கொண்டு வந்தது. முதல் சோதனைக்கூடம் ஒரிசா. 1995இல் சட்டம், 1996இல் வாரியம் உடைப்பு, 1999இல் விநியோகம் தனியாரிடம். மத்திய மண்டலத்தை எடுத்த அமெரிக்க ஏஇஎஸ் நிறுவனம், 1999ஆம் ஆண்டுப் பெரும்புயலுக்குப் பின் 2001இல் கையைக் கழுவிவிட்டு வெளியேறியது. மற்ற மூன்று மண்டலங்களை வைத்திருந்த ரிலையன்சின் உரிமத்தை 2015இல் அம்மாநில ஒழுங்குமுறை ஆணையமே ரத்து செய்தது. அங்கே பாடம் நடந்துகொண்டிருந்தபோதே அடுத்த மாணவர்களின் வரிசையில் நின்றவர் சந்திரபாபு நாயுடு.

1999 பிப்ரவரி 1 அன்று ஆந்திர மின்வாரியம் உற்பத்திக் கழகம், மின்தொடர்க் கழகம் என இரண்டானது. அதே மாதத்தில் உலக வங்கி முதல் தவணைக் கடனாக 21 கோடி டாலருக்கு ஒப்புதல் அளித்தது. படிப்படியாக 100 கோடி டாலர் வரை என்பது திட்டம். பிரிட்டிஷ் அரசின் சர்வதேச வளர்ச்சித் துறையும் நிதி தந்தது. 2000 ஏப்ரலில் விநியோகம் நான்கு கம்பெனிகளானது. அதைத் தொடர்ந்து கட்டண உயர்வு வந்தது. இந்த வரிசை தற்செயலானதல்ல. விற்பனைக்கு வைக்கும் கம்பெனிக்கு முதலில் இலாபக் கணக்கு காட்ட வேண்டும். அதற்குக் கட்டணம் ஏற வேண்டும். கட்டணத்தை அமைச்சர் ஏற்றினால் அடுத்த தேர்தலில் பதில் சொல்ல வேண்டும். ஆகவே யாருக்கும் பதில் சொல்லத் தேவையற்ற ஓர் ஆணையம் ஏற்றட்டும் என்பதே ஏற்பாடு.

வாரியம் குறையற்றதாக இருந்தது என்று எவரும் வாதிடத் தேவையில்லை. மீட்டர் இல்லாத பம்புசெட்டுகளின் கணக்கில் திருட்டும் கம்பியிழப்பும் ஒளித்து வைக்கப்பட்டன. பெரிய ஆலைகளின் திருட்டுக்கு அரசியல் பாதுகாப்பு இருந்தது. மானியத்தை அறிவித்துவிட்டு அதை வாரியத்துக்குச் செலுத்தாத அரசுகளும், கட்டணம் கட்டாத அரசுத் துறைகளும் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. போதாக்குறைக்கு 1991க்குப் பின் தனியார் உற்பத்தியாளர்களுக்கு முதலீட்டின் மேல் 16 சதவீத வருவாய் உத்தரவாதம் அளிக்கப்பட்டது. உற்பத்தி நடந்தாலும் நடக்காவிட்டாலும் நிலைக்கட்டணம் கொடுத்தே தீர வேண்டும் என்ற ஒப்பந்தங்கள் அவை. கோதாவரிப் படுகையின் எரிவாயுவை நம்பி ஆந்திரக் கரையோரம் எழுந்த நிலையங்களின் கதையை இங்கே உள்ள மின்துறைத் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நோய் உண்மைதான். ஆனால் வைத்தியர் கை வைத்தது விவசாயியின் மடியிலும் குடிசை வீட்டின் விளக்கிலும். ஒப்பந்தங்களின் மேல் அவர் கை படவே இல்லை.

பஷீர்பாக்கின் விளைவு என்ன? 2004 தேர்தலில் 294 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் தெலுங்கு தேசம் 47 இடங்களுக்குச் சுருங்கியது. துப்பாக்கி வெடித்த சந்திப்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள லால் பகதூர் விளையாட்டரங்கில் முதல்வராகப் பதவியேற்ற ராஜசேகர ரெட்டி, விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் என்ற கோப்பில் முதல் கையெழுத்திட்டார். விநியோகக் கம்பெனிகளை விற்கும் திட்டம் கிடப்பில் போனது. ஆந்திரம் பிரிந்து தெலங்கானா உருவான பின்னும் இரு மாநிலங்களிலும் விநியோகம் இன்றுவரை அரசுக் கம்பெனிகளின் கையில்தான் இருக்கிறது. டெல்லியில் 2002இல் விற்கப்பட்டது. சண்டிகர் 2025 பிப்ரவரியில் கைமாறியது. ஹைதராபாத் விற்கப்படவில்லை. தமிழ்நாட்டுத் தோழர்கள் இங்கே பெருமாநல்லூரை நினைத்துக்கொள்ளலாம். 1970 ஜூனில் பம்புசெட்டு மின்கட்டணம் ஒரு பைசா ஏறியதை எதிர்த்த உழவர்கள் அங்கே சுடப்பட்டார்கள். அந்த வழியில் தொடர்ந்த போராட்டங்களின் முடிவில்தான் அங்கே இலவச மின்சாரம் வந்தது.

இனி லண்டனுக்குத் திரும்புவோம். வீட்டு நுகர்வோருக்குப் போட்டி 1998-99இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டின் பொதுச்சேவைகள் சட்டம் கம்பியை ஒரு கம்பெனிக்கும், விற்பனையை வேறு கம்பெனிக்கும் என்று பிரித்தது. அதாவது விற்பனையாளரிடம் மின்நிலையம் இருக்க வேண்டியதில்லை, கம்பி இருக்க வேண்டியதில்லை, கம்பத்தில் ஏறும் ஒரு தொழிலாளி கூட இருக்க வேண்டியதில்லை. மொத்தச் சந்தையில் வாங்கி ரசீது அனுப்பினால் போதும். தரகு வேலைக்குப் போட்டி என்று பெயர்.

சில ஆண்டுகளுக்குள் ஆறு பெரிய நிறுவனங்கள் சந்தையைப் பங்கு போட்டுக்கொண்டன. 2013இல் எதிர்க்கட்சித் தலைவர் எட் மிலிபேண்ட் கட்டணத்தை முடக்குவோம் என்றபோது, இவர் மார்க்சிய உலகத்தில் வாழ விரும்புகிறார் என்று பிரதமர் கேமரூன் கேலி செய்தார். ஐந்தே ஆண்டுகளில், 2018இல், கேமரூனின் சொந்தக் கட்சி அரசே கட்டண உச்சவரம்புச் சட்டத்தைக் கொண்டு வந்தது. 2019 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சந்தை விலையைத் தானே சரிசெய்துகொள்ளும் என்ற கோட்பாடு அதைக் கண்டுபிடித்தவர்களாலேயே அன்று புதைக்கப்பட்டது.

2021இல் எரிவாயு விலை ஏறியதும் தரகர்களின் உண்மை நிலை வெளிப்பட்டது. கையில் முதல் இல்லாமல், முன்கூட்டி வாங்கி வைக்காமல், வாடிக்கையாளரின் முன்பணத்தில் தொழில் நடத்திய 29 விற்பனைக் கம்பெனிகள் ஓராண்டுக்குள் கவிழ்ந்தன. ஏறத்தாழ 40 லட்சம் குடும்பங்கள் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டன. 15 லட்சம் வாடிக்கையாளர் கொண்ட பல்ப் என்ற கம்பெனியை அரசே சிறப்பு நிர்வாகத்தின் கீழ் நடத்த வேண்டியதாயிற்று. பல்ப் நீங்கலாக மற்றவற்றின் வீழ்ச்சிக்கான செலவு 270 கோடி பவுண்ட் என்று பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2022இல் கணக்கிட்டது. இது ஒவ்வொரு குடும்பத்தின் ரசீதிலும் ஏற்றப்பட்டது. கவிழ்ந்த கம்பெனியின் பெயரைக் கேள்விப்படாத குடும்பமும் கட்டியது.

உச்சவரம்பே எவ்வளவு உயர்ந்தது தெரியுமா? ஒரு சராசரிக் குடும்பத்தின் ஆண்டுச் செலவாக 2021 அக்டோபரில் 1,277 பவுண்டாக இருந்தது 2022 அக்டோபருக்கு 3,549 பவுண்ட் என அறிவிக்கப்பட்டது. ஓராண்டில் ஏறத்தாழ மூன்று மடங்கு. மக்கள் கொந்தளிப்புக்கு அஞ்சிய அரசு அதை 2,500 பவுண்டில் நிறுத்தி மீதியைக் கஜானாவிலிருந்து கம்பெனிகளுக்குக் கொடுத்தது. காற்றாலை, அணுமின் நிலையங்களின் செலவு எரிவாயு விலையோடு சேர்ந்து ஏறிவிடவில்லை. ஆனாலும் விலை ஏறியது. தேவையை நிறைவு செய்யக் கடைசியாக அழைக்கப்படும் நிலையம் கேட்கும் விலையே எல்லா நிலையங்களுக்கும் விலை என்பது அந்தச் சந்தையின் விதி. பெரும்பாலும் கடைசி நிலையம் எரிவாயு நிலையம். சந்தையில் கடைசியாக வந்த தக்காளிக் கூடையின் விலையை எல்லாக் கூடைக்கும் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் போட்டது போன்றது இது. இந்தியாவின் மின் பரிமாற்றகங்களிலும் அடுத்த நாள் சந்தையின் விலை இதே முறையில்தான் தீர்மானிக்கப்படுகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் குளிர்காலத்தில் நடந்த இன்னொன்றை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கட்டணம் கட்ட முடியாத வீடுகளில், நீதித்துறை நடுவரிடம் மொத்தமாக ஆணை வாங்கி, வீட்டுக்குள் நுழைந்து முன்பணம் செலுத்தும் மீட்டரைப் பொருத்தும் வேலையில் கம்பெனிகள் இறங்கின. இதற்குப் பயன்பட்ட சட்டம் 1954இல், மின்வாரியங்கள் பொதுவுடைமையாக இருந்த காலத்தில், எழுதப்பட்டது. பொதுத்துறை ஊழியன் உள்ளே வரலாம் என்று தந்த உரிமை வசூல் முகவனின் கைச்சாவியாகிவிட்டது. நோயாளிகள், கைக்குழந்தைகள் இருந்த வீடுகளிலும் இது நடந்தது அம்பலமானதும், 2023 பிப்ரவரியில் மூத்த நீதிபதி ஒருவர் இத்தகைய ஆணைகளை வழங்குவதை நிறுத்துமாறு நடுவர்களுக்கு உத்தரவிட்டார். ஒழுங்குமுறை அமைப்பும் கட்டாயப் பொருத்தலுக்குத் தடை போட்டது. முன்பண மீட்டரின் தந்திரம் எளிது. அங்கே மின்சாரத்தைத் துண்டிக்க யாரும் வர வேண்டியதில்லை. பணம் தீர்ந்ததும் வீடு தானாகவே இருண்டுவிடும். துண்டிக்கப்பட்டோர் கணக்கில் அந்த வீடு வராது.

இந்தியாவில் 2021இல் அறிவிக்கப்பட்ட விநியோகச் சீரமைப்புத் திட்டத்தின் இலக்கு 25 கோடி முன்பண ஸ்மார்ட் மீட்டர்கள். தனியார் கம்பெனி மீட்டரை வைத்து, மாதாமாதம் விநியோகக் கம்பெனியிடமிருந்து தொகையைப் பெற்றுக்கொள்ளும். பிரிட்டனில் நீதிபதி தலையிட்டு நிறுத்திய ஒன்று இங்கே திட்ட இலக்காக வைக்கப்பட்டிருக்கிறது.

பிரிட்டனின் அண்மைய சட்டங்கள் வேறு திசையில் அடியெடுத்து வைத்திருக்கின்றன. 2023ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டத்தின்படி மின்கட்டமைப்பை இயக்கும் பொறுப்பு தனியாரிடமிருந்து 63 கோடி பவுண்டுக்கு வாங்கப்பட்டு 2024 அக்டோபர் 1 முதல் அரசு அமைப்பாகியிருக்கிறது. 2025 மே மாதத்தில் கிரேட் பிரிட்டிஷ் எனர்ஜி என்ற அரசு நிறுவனத்துக்கான சட்டம் நிறைவேறியது. 830 கோடி பவுண்ட் அதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது. இதைக் கண்டு மயங்கிவிடவும் கூடாது. அந்த நிறுவனம் வீடுகளுக்கு மின்சாரம் விற்கப்போவதில்லை. தனியார் முதலீட்டோடு கைகோத்துத் தூய எரிசக்தித் திட்டங்களில் பங்கு வாங்குவதே அதன் வேலை. கம்பிகள் இன்றும் தனியாரிடம் உள்ளன, விற்பனையும் தரகரிடமே உள்ளது. தாட்சரின் வீட்டுக்குக் கூரை ஒழுகுகிறது என்று தார்ப்பாய் போட்டிருக்கிறார்கள், அவ்வளவே. ஆனால் ஒழுகுகிறது என்பதை இப்போது மறுப்பார் இல்லை.

இந்தச் சூழலில்தான் 2025 அக்டோபர் 9 அன்று ஒன்றிய மின்துறை அமைச்சகம் மின்சாரச் சட்டத் திருத்த வரைவை வெளியிட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த 2014 முதல் எத்தனை முறை முயன்றார்கள்! 2020 வரைவை டெல்லி எல்லையில் அமர்ந்திருந்த விவசாயிகள் மூன்று வேளாண் சட்டங்களோடு சேர்த்து எதிர்த்தார்கள். 2022 மசோதா நாடாளுமன்றத்தில் அறிமுகமான நாளிலேயே நிலைக்குழுவுக்குப் போனது. அதே ஆண்டில் புதுச்சேரி மின்ஊழியர்கள் தனியார்மயத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். இப்போதைய வரைவின் சாரம் பழையதுதான். ஒரே பகுதியில் பல உரிமதாரர்கள், இருக்கும் கம்பிகளையே பயன்படுத்திக்கொண்டு மின்சாரம் விற்கலாம். ஆலைகள், ரயில்வே, மெட்ரோ ஆகியவற்றின் மீதான குறுக்கு மானியம் ஐந்தாண்டுகளில் நீக்கப்பட வேண்டும். பெரிய நுகர்வோருக்கு மின்சாரம் வழங்கியே தீர வேண்டும் என்ற கடமையிலிருந்தும் விலக்களிக்க வழி செய்யப்பட்டிருக்கிறது.

பிரிட்டனில் நிகழ்ந்ததைவிட இங்கே சேதம் கடுமையாக இருக்கும். காரணத்தை இந்த நகரத்திலேயே பார்க்கலாம். தெலங்கானாவின் தெற்கு மின்விநியோகக் கம்பெனியின் எல்லைக்குள் ஹைடெக் சிட்டியின் கண்ணாடி மாளிகைகளும் வருகின்றன, மஹபூப்நகர், நல்கொண்டா மாவட்டங்களின் ஆழ்குழாய்க் கிணறுகளும் வருகின்றன. கால்வாய் எட்டாத மேட்டு நிலத்தில் நீர் என்பதே மின்சாரம்தான். மாநிலத்தில் 25 லட்சத்துக்கு மேற்பட்ட விவசாய இணைப்புகள் உள்ளன. 2018 ஜனவரி முதல் அவற்றுக்கு 24 மணி நேர இலவச மின்சாரம் என்று அறிவிக்கப்பட்டது. பம்புசெட்டுக்கு மீட்டர் வைத்தால் கூடுதல் கடன் வாங்கலாம் என்று ஒன்றிய அரசு ஆசை காட்டியபோது அன்றைய மாநில அரசு மறுத்தது. அந்த அரசின் மற்ற மின்ஒப்பந்தங்கள் விசாரணை ஆணையம் வரை போனது வேறு கதை. இம்மறுப்பு சரியானதே.

ஹைடெக் சிட்டியும் பன்னாட்டுக் கம்பெனிகளும் அதிகக் கட்டணம் செலுத்துவதால்தான் விவசாய இணைப்பின் செலவில் ஒரு பகுதி ஈடாகிறது. புதிய உரிமதாரர் வந்தால் எங்கே போவார்? பஞ்சாரா ஹில்ஸ், மாதாப்பூர், கச்சிபௌலி என்று வரிசையாகப் போவார். சார்மினாரைச் சுற்றிய சந்துகளுக்கோ, அச்சம்பேட்டை மலையோரத்துக்கோ போகமாட்டார். கம்பி பராமரிப்பும், புயலில் சாயும் கம்பமும், எரியும் டிரான்ஸ்பார்மரும் அரசுக் கம்பெனியின் செலவு. கட்டுகிற வாடிக்கையாளர் தரகரின் வரவு. பிறகு அரசுக் கம்பெனி நட்டத்தில் ஓடுகிறது, விற்றுவிடு என்பார்கள். பழைய நகரின் மின்கட்டண வசூலை அதானி குழுமத்திடம் சோதனை முறையில் ஒப்படைப்பது பற்றி முதல்வர் ரேவந்த் ரெட்டி 2024 ஜூனில் பேசியதையும் இந்த வரிசையில் வைத்தே பார்க்க வேண்டும். ஏழை இஸ்லாமியர் மிகுதியாக வாழும் பகுதியைக் கட்டணம் கட்டாதவர்களின் பகுதி என்று முத்திரை குத்துவது அதற்கான முன்னுரை.

வரைவின் மீதான விவாதத்தில் தொழிற்சங்கங்களும் விவசாயிகள் சங்கங்களும் வலியுறுத்த வேண்டியவை இங்கே கூடியிருப்போருக்குத் தெரிந்தவைதான். குறுக்கு மானியம் நீங்கினால் அந்தத் தொகையை யார், எந்தத் தலைப்பில், எந்தத் தேதிக்குள் செலுத்துவார் என்று சட்டத்திலேயே எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். மானியத்தை நேரடியாக விவசாயியின் வங்கிக் கணக்கில் போடுவோம் என்ற பதிலுக்கு, சமையல் எரிவாயு மானியம் என்னவாயிற்று என்பதைக் காட்டலாம். ஒப்புக்கொள்ளப்பட்ட மானியத்தை மாநில அரசு ஆண்டுதோறும் முழுமையாகச் செலுத்தியதா என்ற கேள்வியை ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விசாரணைகளில் ஆதாரத்தோடு எழுப்ப வேண்டும். அந்த விசாரணைகளில் இருபதாண்டுகளுக்கு மேலாக இந்நகரின் இடதுசாரிகளும் விவசாயிகள் சங்கத்தினரும் கட்டுக்கட்டாக ஆட்சேபங்களைச் சமர்ப்பித்து, தனியார் ஒப்பந்தங்களின் நிலைக்கட்டணத்தைக் கேள்விக்குள்ளாக்கி வந்திருக்கிறார்கள். உற்பத்தி செய்யாத நிலையத்துக்குக் கொடுத்த பணத்தின் பட்டியலையும், பம்புசெட்டுக்குக் கொடுத்த மானியத்தின் பட்டியலையும் அருகருகே வைத்து அடுத்த விசாரணையில் தாக்கல் செய்யும் வேலை உடனடியாகத் தொடங்கப்பட வேண்டும்.